படமே, நீ எந்தத் தோட்டம்?

மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஆறாம் ஆண்டில் பதினான்கு பிள்ளைகள். திரையில் ஒரு படத்தைக் காட்டினேன். வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட டெய்சிப் பூக்கள். ஆனால் உருவம் கோணல். ஒரு பூவின் நடுப்பகுதி வட்டமாக இல்லாமல் கம்பளிப்பூச்சி போல நீண்டிருந்தது. இரண்டு பூக்கள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தன. படத்தோடு வந்த தலைப்பு: ‘புகுஷிமாவின் அணுப் பூக்கள்’.

“ஜப்பானில் 2011இல் அணு உலை விபத்து நடந்தது. அந்தக் கதிர்வீச்சால்தான் பூக்கள் இப்படி ஆகிவிட்டன என்கிறது இந்தப் படம். நம்பலாமா?” என்று கேட்டேன். பதினொரு கைகள் உயர்ந்தன. கடைசி வரிசையில் கை தூக்காத சிறுமி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, எங்க கோயில் வாசல்ல இருக்கிற கோழிக்கொண்டைப் பூவும் இப்படித்தானே நெளிஞ்சு இருக்கும்?”

தெரியாமலே அவள் ஒரு தாவரவியல் உண்மையைத் தொட்டுவிட்டாள். செடி வளர்வது அதன் நுனிக் குருத்திலிருந்து. அந்தக் குருத்து சாதாரணமாக ஒரு புள்ளி போல இருக்கும். சில வேளை அது பக்கவாட்டில் அகன்று கோடாகிவிடும். அப்போது தண்டு பட்டையாகும், பூ நீளும், இரண்டு பூ ஒட்டும். மரபணு மாற்றம், நுண்ணுயிர், பூச்சிக்கடி, உறைபனி, வெட்டுக்காயம் என்று காரணங்கள் பல. கதிர்வீச்சே படாத தோட்டங்களிலும் இது நடக்கிறது. கோழிக்கொண்டையில் இந்தக் கோணல் பரம்பரையாக வருகிறது. அந்த அழகுக்காகவே மனிதர்கள் அதை விதையெடுத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். மாலையில் நாம் தொடுப்பது அந்தக் கோணலைத்தான்.

இதே படத்தை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 170 உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குக் காட்டினார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, கிட்டத்தட்ட 40 விழுக்காட்டினர் இந்தப் படமே வலுவான சான்று என்று வாதிட்டார்கள். படத்தை எடுத்தது யார், எங்கே எடுத்தது என்று முறையாகக் கேட்டவர்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. உண்மையில் அந்தப் பூக்கள் இருந்த இடம் நாசுஷியோபாரா. அணு உலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர்.

ஜாசின் சிறுமியின் பதில் எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் அவளும் பூவைப் பற்றித்தான் யோசித்தாள். படத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது.

கண் ஏன் சரணடைகிறது?

நியூசிலாந்திலும் கனடாவிலும் இருந்த உளவியலாளர்கள் 2012இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புகழ்பெற்றவர்களின் பெயர்களைக் காட்டி, ‘இவர் உயிரோடு இருக்கிறார்’ என்ற கூற்று சரியா என்று சிலரிடம் கேட்டார்கள். ‘இவர் இறந்துவிட்டார்’ என்ற கூற்று சரியா என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். சில பெயர்களோடு அவருடைய புகைப்படமும் இருந்தது. ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதை அந்தப் புகைப்படம் எந்த விதத்திலும் நிரூபிக்காது. இருந்தும் படம் இருந்தபோது இரண்டு கூற்றுகளையும் மக்கள் கூடுதலாக நம்பினார்கள். ஒரே படம், நேரெதிரான இரண்டு செய்திகளுக்கும் பொய்ச்சாட்சி சொன்னது.

காரணம் எளிது. படம் ஒன்று கண்முன் இருந்தால் செய்தியை மனம் சிரமமில்லாமல் கற்பனை செய்துகொள்கிறது. சிரமமில்லாமல் மனதில் இறங்கியதை ‘இது உண்மையாகத்தான் இருக்கும்’ என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

நினைவையே படத்தால் மாற்றிவிடவும் முடியும். 2002இல் வெளிவந்த ஆய்வில் இருபது பேரின் சிறுவயதுப் படத்தை வெட்டி, அவர்கள் ஏறவே ஏறாத வெப்பக்காற்று பலூனில் ஒட்டிக் காட்டினார்கள். மூன்று நேர்காணல்கள் முடிந்தபோது பாதிப் பேர் அந்தப் பலூன் பயணத்தை முழுதாகவோ ஓரளவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’. வாழ்நாளில் நடக்காத ஒன்று, ஒரு படத்தால் நடந்ததாகிவிட்டது.

ஆகவே ஏமாந்துபோன பிள்ளையை ‘முட்டாள்’ என்று சொல்லாதீர்கள். ஏமாறுவது மூளையின் இயல்பு. அதற்கு மேல் ஒரு பழக்கத்தைக் கட்டி எழுப்புவதுதான் கல்வி.

படம் மெய், சேதி பொய்

பொய்ப் படம் என்றதும் கணினியில் வெட்டி ஒட்டியதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. உண்மையான பழைய படத்தை எடுத்து, புதிய சேதியைக் கீழே எழுதிவிடுவது. படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

2014 மார்ச் 8ஆம் தேதி 239 பேரோடு எம்எச்370 விமானம் காணாமல் போனது. நாடே உறங்காமல் இருந்த அந்த வாரங்களில், ‘விமானம் கிடைத்துவிட்டது’ என்று முகநூலில் ஒரு படம் பரவியது. கடலில் மிதக்கும் விமானம். ஆனால் அது 2013 ஏப்ரலில் பாலித் தீவில் ஓடுபாதையைத் தவறவிட்டுக் கடலில் இறங்கிய லயன் ஏர் விமானம். அதில் இருந்த 108 பேரும் உயிர் பிழைத்தார்கள். அது போயிங் 737. எம்எச்370 அதைவிட மிகப் பெரிய போயிங் 777. படம் மெய், விபத்தும் மெய். சேர்த்துக் கட்டிய முடிச்சு மட்டும் பொய். காத்துக்கிடந்த குடும்பங்களுக்கு அந்த முடிச்சு என்ன செய்திருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதிலை அவர்களே சொல்வார்கள்.

இன்னொன்றை வகுப்பில் தயங்கித் தயங்கித்தான் சொல்வேன். பாகிஸ்தானின் கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஓர் அமைப்பு விழிப்புணர்வுப் படம் எடுத்தது. மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்து விட்டு அறிவுரைப் பலகையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை நறுக்கிவிட்டார்கள். மீதி, ‘பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள்’ என்று இந்தியா முழுக்கப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஓடியது. இப்படிப்பட்ட வதந்திகள் ஊர்களைப் பயத்தில் ஆழ்த்தியிருந்த 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு காரில் சிலர் வந்தார்கள். வழியில் நின்ற பிள்ளைகளுக்கு ஒரு மூதாட்டி சாக்லெட் கொடுத்தார். கூட்டம் அவர்களைச் சூழ்ந்து அடித்தது. மூதாட்டி இறந்துபோனார். அந்தக் காரில் மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் இருந்தார்கள்.

நம் குடும்பங்களும் இப்படித்தான் தாத்தாவின் ஊரைத் தேடிப் போகின்றன. இந்தப் பாடம் நம் வீட்டுப் பாடம்.

எந்தத் தோட்டம்?

மலாக்காவின் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயன் வீடுகள் காலியாகின. மக்கள் அலோர் காஜாவுக்கும் மெர்லிமாவுக்கும் மலாக்கா நகரைச் சுற்றிய தாமான்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆனால் தோட்டத்தின் பெயர் சாகவில்லை. இன்று அது புலனக் குழுவின் பெயராக வாழ்கிறது. திருமணம், இறப்பு, கோயில் திருவிழா எல்லாம் அதில்தான் வருகின்றன. பொய்ப் படமும் அதில்தான் வருகிறது. அனுப்புவது அந்நியர் இல்லை. பெரியம்மா, பழைய தண்டலின் மகன், கோயில் தலைவர். நம்பிக்கை ஆளிடமிருந்து படத்துக்குத் தொற்றிக்கொள்கிறது.

இதே மக்களிடம் ஓர் அருமையான பழக்கமும் இருக்கிறது. புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது, “நீங்க எந்தத் தோட்டம்?” அடுத்து, “யாரு வீட்டுப் பிள்ளை?” மூன்றாவதாக, “அங்க இன்னாரைத் தெரியுமா?” வந்தவர் சொல்வதை அவர் வாயால் மட்டும் கேட்டு விடுவதில்லை. அவரை அறிந்த மூன்றாம் ஆள் ஒருவரைத் தேடுகிறார்கள்.

படத்திடமும் இதைத்தான் கேட்க வேண்டும். எங்கே எடுத்தது? யார் எடுத்தது? இதைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும்?

ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றாசிரியர்கள் பத்துப் பேர், செய்தி சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேர், பல்கலைக்கழக மாணவர்கள் இருபத்தைந்து பேர் ஆகியோரிடம் சில இணையத்தளங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று கேட்டார்கள். படித்த வரலாற்றாசிரியர்களும் அறிவாளி மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலும் கீழும் ஆராய்ந்தார்கள். பலர் அதன் அழகான தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தைவிட்டு உடனே வெளியே வந்து, ‘இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். ‘அங்க இன்னாரைத் தெரியுமா?’ என்ற நம் கேள்வியைத்தான் அவர்கள் கணினியில் கேட்டார்கள்.

கட்டம் போட்ட நோட்டில் ஒரு தேடுபொறி

படத்தைக் கொடுத்தால் அதன் பழைய பிரதிகளை இணையத்தில் கண்டுபிடித்துத் தரும் வசதி கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் இருக்கிறது. பெயர் தெரியாத படத்தைக் கணினி எப்படி அடையாளம் காண்கிறது? இதைக் கணித நோட்டுப் புத்தகத்திலேயே செய்து பார்க்கலாம்.

ஒரு படத்தை அச்செடுத்து, அதன்மேல் குறுக்கே ஐந்து, நெடுக்கே நான்கு என்று இருபது கட்டங்கள் போடச் சொல்லுங்கள். கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டத்தையும் அதன் வலப்பக்கக் கட்டத்தோடு ஒப்பிட வேண்டும். இது வெளிச்சமென்றால் 1, இருட்டென்றால் 0. வரிசைக்கு நான்கு ஒப்பீடு, மொத்தம் பதினாறு இலக்கம். அதுதான் படத்தின் கைரேகை.

இப்போது அதே படத்தை இன்னொரு குழுவுக்குச் சிறியதாக, சற்று மங்கலாக அச்செடுத்துக் கொடுங்கள். படம் மங்கினாலும் எந்தக் கட்டம் எதைவிட வெளிச்சம் என்ற உறவு பெரும்பாலும் மாறாது. இரண்டு குழுக்களும் இலக்கங்களைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிடும்போது வகுப்பில் எழும் ஆரவாரத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பதினாறில் பதினான்கு, பதினைந்து பொருந்திவிடும். கணினியில் இதே முறையை ஒன்பதுக்கு எட்டுக் கட்டங்களில் செய்தால் 64 இலக்கக் கைரேகை கிடைக்கும். பெரிய தேடுபொறிகள் கையாளும் முறைகள் இதைவிட நுட்பமானவை. ஆனால் படத்தை எண்ணாக்கி எண்ணைத் தேடுவது என்ற அடிப்படை இதுதான்.

மூன்றாவது குழுவுக்கு அதே படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கைரேகை குலைந்துவிடும். ஏமாற்றுபவர்களுக்கும் இது தெரியும். தேடுபொறியின் பிடியிலிருந்து தப்பப் படத்தைத் திருப்பிப் போடுவது ஒரு பழைய தந்திரம்.

பாட்டி பார்த்த கோடு

திருப்பிப் போட்ட படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எழுத்து இருந்தால் இடவலம் மாறித் தெரியும், சட்டைப் பை பக்கம் மாறும் என்றெல்லாம் பிள்ளைகள் சொன்னார்கள். திரையில் இருந்தது பால் மரம் வெட்டும் ஒருவரின் படம். அதில் எழுத்தும் இல்லை, பையும் இல்லை.

பேத்தியை அழைத்துப்போக வந்து கதவருகே நின்ற பாட்டி ஒருவர் சொன்னார்: “கோடு தப்பாப் போகுதே வாத்தியாரே! இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ, அப்படித்தானே வெட்டுவோம். இது எதிர்மாறா இருக்கு.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை. மரத்தைப் பார்த்து நின்றால், மேலே போகப்போக அவை வலப்பக்கம் சற்றே சாய்ந்து செல்கின்றன. அதனால் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழுக்குக் கோடு இழுத்தால் கூடுதலான குழாய்கள் அறுபடும், கூடுதலாகப் பால் வரும். வழக்கமான ஒற்றைக் கோட்டு வெட்டு உலகெங்கும் இப்படித்தான். கோடு மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு. விடியலுக்கு முன் எழுந்து மங்கும் வாளியுமாக மரங்களுக்கிடையே நடந்தவரின் கை அறிந்தது அது. அன்று வகுப்பில் பெரிய நிபுணர் அவர்தான். பேத்தியின் முகத்தில் அப்போது வந்த பெருமையை நான் மறக்கவில்லை.

நிழலும் இப்படி ஒரு சாட்சி. பள்ளித் திடலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலை அளக்கச் சொல்லுங்கள். மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 2.2 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், குச்சியின் நிழல் அதன் காலடியில் ஒளிந்துகொள்ளும். சூரியன் மிகவும் தெற்கே போகும் டிசம்பரில்கூட உச்சிப்பொழுது நிழல் 48 சென்டிமீட்டர்தான். அதாவது மலாக்காவில் உச்சிவேளை நிழல் ஆள் உயரத்தில் பாதியை ஒருபோதும் தாண்டாது. நம் உச்சிப்பொழுது கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஒரு மணிக்கு மேல் பத்து நிமிடத்தை ஒட்டித்தான் வரும். ‘இன்று பகல் ஒரு மணிக்கு மலாக்காவில் எடுத்தது’ என்று வரும் படத்தில் ஆளைவிட நீளமான நிழல் கிடந்தால், நேரமோ ஊரோ பொய். இதற்கு இணையம் வேண்டாம். ஒரு குச்சி போதும்.

கண் தோற்கும் இடம்

செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களில் ஆறு விரல் இருக்கும், காதணி பொருந்தாது என்று சொல்லிக்கொடுப்பது இப்போது வழக்கம். அதை மட்டும் நம்பாதீர்கள். 2022இல் சோஃபி நைட்டிங்கேலும் ஹானி ஃபரீதும் வெளியிட்ட ஆய்வில், உண்மையான முகங்களையும் கணினி உருவாக்கிய முகங்களையும் கலந்து காட்டியபோது மக்கள் சரியாகச் சொன்னது 48.2 விழுக்காடுதான். காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலும் ஏறத்தாழ அவ்வளவு வந்திருக்கும். போதாததற்கு, போலி முகங்களே கூடுதல் நம்பிக்கைக்குரியவை என்றும் மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகு கருவிகள் இன்னும் தேறிவிட்டன. விரல் எண்ணும் வித்தை பழசாகும். ‘நீ எந்தத் தோட்டம்?’ என்ற கேள்வி பழசாகாது, ஏனென்றால் அது படத்துக்குள் தேடவில்லை, படம் வந்த வழியைத் தேடுகிறது.

ஒரு மணி நேரம் போதாது

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா? கேரளத்தின் கண்ணூரில் 2018இல் மாவட்ட ஆட்சியர் மிர் முகமது அலி ‘சத்யமேவ ஜெயதே’ என்ற திட்டத்தைத் தொடங்கி, சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை அடையாளம் காணக் கற்பித்தார். தடுப்பூசி பற்றிய புலன வதந்திகளால் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்ததைக் கண்ட பிறகு எடுத்த முயற்சி அது.

எவ்வளவு கற்பித்தால் போதும் என்பதற்குப் பீகாரில் இரண்டு சோதனைகள் விடை தருகின்றன. முதல் சோதனையில் 1,200க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். 2021இல் வெளியான முடிவு: மொத்தத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இரண்டாவதில் ஏறத்தாழ 13,500 பதின்வயதுப் பிள்ளைகள், 583 கிராமங்கள். வாரக்கணக்கில் இடைவெளிவிட்டு நான்கு வகுப்புகள் நடந்தன. பிள்ளைகள் மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் திறன் நன்றாக உயர்ந்தது. நான்கு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. பாடம் படிக்காத பெற்றோரிடமும் பலன் தெரிந்தது.

பள்ளிக்கு ஒருநாள் வந்து சொற்பொழிவாற்றிப் போகும் என்னைப் போன்றவர்கள் இந்த முடிவை மனதில் வைக்க வேண்டும். வேலையைச் செய்யப்போவது வாரந்தோறும் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான். அறிவியல் பாடத்தில் நிழல், கணிதத்தில் கட்டம், வரலாற்றில் பழைய புகைப்படம் என்று தனிப் பாடவேளை இல்லாமலே இதைக் கலந்துவிடலாம். மலேசியத் தகவல் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017 மார்ச் முதல் நடத்திவரும் ‘செபெனார்ஞா’ தளத்தைத் திறந்து, அந்த வாரம் எது பொய்யென்று அறிவிக்கப்பட்டது என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். புலனத்தில் ஒரு செய்தியின்மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள், அதைக் கண்டால் விரலை நிறுத்த வேண்டும் என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. எதையுமே நம்பாத பிள்ளையை உருவாக்குவது நம் நோக்கமில்லை. எங்கள் பழைய தோட்டக் குழுவில் ஒருமுறை, ‘சயாம் மரண ரயில் போட்ட நம் தாத்தாமார்’ என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. தேடிப் பார்த்தேன். 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படத்தின் காட்சி அது. இலங்கையின் கித்துல்கலையில் எடுத்தது, நிறத்தை மட்டும் நீக்கியிருந்தார்கள். ஆனால் 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அந்த 415 கிலோமீட்டர் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதும், பெருந்தொகையினர் திரும்பாததும் மறுக்க முடியாத வரலாறு. பொய்ப் படத்தை அந்த வரலாற்றின்மேல் ஒட்டினால், நாளை ஒருவன் படத்தைப் பொய்யென்று நிரூபித்துவிட்டு வரலாறும் பொய் என்பான். மெய்யைக் காப்பாற்றவே பொய்ப் படத்தைக் களைகிறோம்.

குழுவில் அனுப்பியவர் என்னைவிட மூத்தவர். எல்லோர் முன்னும் திருத்த மனம் வரவில்லை. தனியாக அழைத்தேன். “அண்ணே, நீங்க போட்ட படம் சினிமாப் படம். ஆனா உங்க தாத்தா போனாருன்னு சொல்வீங்களே, அவரைப் பத்தி ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. மறுநாள் குழுவில் அந்தப் படத்தை நீக்கிவிட்டு, வேறொன்றை அனுப்பினார். ஓரம் கிழிந்த சிறிய புகைப்படம். வேட்டி கட்டிய ஓர் இளைஞர் லயன் வீட்டு வாசலில் நிற்கிறார். கீழே அவரே தட்டெழுதியிருந்தார்: பெயர், தோட்டம், எடுத்தவர், ஆண்டு.